வீடு ஒரு கட்டம், விசாரிப்பு ஒரு கட்டம்

1. கிழிந்த காகிதம்

தங்கச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கடைக்குத் திரும்பிய காலையில், கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்கு மேலே அவள் ஒட்டி வைத்திருந்த இரண்டு காகிதத் துண்டுகளையும் காணவில்லை. பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டு அப்படியே நின்றேன்.

எங்கள் கடை தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. போர்டில் பிரௌசிங் சென்டர் என்று எழுதியிருக்கும். சும்மா பிரௌசிங் பண்ண இப்போது யாரும் வருவதில்லை, அதற்குத்தான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே. கண்டெய்னர் லாரி டிரைவர், கப்பல் வேலைக்குப் போகிறவர், சங்கு குளிக்கிறவர், உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள், இவர்கள்தான் வருவார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கணும், ஆதாரில் பேர் தப்பாயிருக்கு, பென்ஷன் நின்றுபோச்சு, இந்த மாதிரி வேலைகள். முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி. ஒட்டினாற்போலவே அவருக்குப் பலசரக்குக் கடையும் உண்டு. நடுவில் ஒரு வாசல். அதற்குக் கதவு கிடையாது.

நான் சுடலைமுத்து. எட்டாவதோடு நின்றவன். துறைமுகத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன், முதுகு பிடித்துக்கொண்டதால் விட்டேன். தங்கச்சி மகேஸ்வரி நாசரேத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தாள். அவள்தான் முதலில் இந்தக் கடையில் சேர்ந்தாள். பிறகு அண்ணாச்சியிடம் சொல்லி என்னையும் சேர்த்துவிட்டாள்.

"இங்கன ஒட்டியிருந்த பேப்பர் எங்க?" என்று கேட்டேன்.

அரவிந்த் எழுந்து வந்தான். அண்ணாச்சியின் அக்கா மகன், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். லீவுக்கு வந்த இடத்தில், நான் இல்லாத நாட்களில் கடையைப் பார்த்துக்கொண்டான்.

"எல்லா சிஸ்டத்தையும் புதுசா போட்டுட்டேண்ணே. ரொம்ப ஸ்லோவா கெடந்துச்சு. பிரவுசர்ல மேல அடிக்கிறதுக்கு ரெண்டு கட்டம் இருந்துச்சுல்லா, அத ஒண்ணாக்கிட்டு பேப்பரையும் கிழிச்சிட்டேன். போன்லயெல்லாம் ஒரே கட்டம்தான? நீங்க இனி தனியா பாக்கணும். வேலை கொறயட்டுமேன்னுதான்."

நல்ல மனசோடுதான் செய்திருந்தான். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஸ்கிரீனில் ஒரே ஒரு நீளக் கட்டம் இருந்தது.

இந்தக் குறிப்பை நான் சொல்லச் சொல்ல அதே அரவிந்த்தான் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தான். எங்கள் மாதிரிக் கடைகளுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அவன்தான் சொல்லச் சொன்னான்.

2. பெரியதாழைக்காரரின் கப்பல்

அந்த இரண்டு கட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் கடையில் சேர்ந்த புதிது. பெரியதாழையிலிருந்து ஒருவர் வந்தார். கப்பலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு புத்தகம் உண்டு. அது செல்லுபடியாக இல்லையென்றால் கப்பலில் ஏற முடியாது. அதைப் புதுப்பிப்பதற்கு இன்டர்நெட்டில் அரசாங்கப் பக்கத்தில் போய்ப் பதிய வேண்டும். "நானே அடிச்சிக்கிடுதேன் தம்பி, போன தடவையும் நான்தான் அடிச்சேன்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மேலே இருந்த கட்டத்தில் ஆபீஸ் பேரை அடித்தார். அப்போதும் ஒரே கட்டம்தான். வரிசையாகப் பத்து இருபது வந்தது. முதலில் வந்ததைத் தொட்டார். கொடி இருந்தது, சிங்க முத்திரை இருந்தது. நானும் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. அவருக்கும் அப்படித்தான். அதில் கேட்டதையெல்லாம் அவர் நிரப்பி, புத்தகத்தைப் படம் எடுத்து ஏற்றிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

அது அரசாங்கப் பக்கமே இல்லை. புரோக்கர் போட்ட விளம்பரம். இன்றைக்கு ஆகிவிடும், நாளைக்கு ஆகிவிடும் என்று யாரோ போனில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உண்மையான ஆபீஸில் அவர் பேர் பதியவே இல்லை.

பிறகு ஒருநாள் வந்து கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"கப்பல் போயிட்டு தம்பி" என்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. துறைமுகப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார். மகேசு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

"அண்ணே, அந்த மனுசன் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒருத்தன்ட்ட வழி கேட்ட மாதிரி ஆயிட்டு பாத்துக்க. வழி சொன்னவன் அவன் கடைக்கே கூட்டிட்டுப் போயிட்டான்" என்றாள். "வீடு தெரிஞ்சவன் எதுக்கு ரோட்டுல நின்னு விசாரிக்கணும்? நேரா வீட்டுக்குல்லா போணும்? வீட்டுக்குப் போறதுக்கும் விசாரிக்கிறதுக்கும் ஒரே கட்டத்த வச்சா, நாம எதுக்கு வந்துருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

3. இரண்டு கட்டம்

மறுநாளே அவள் பிரவுசர் செட்டிங்ஸுக்குள் போய் எதையெதையோ மாற்றினாள். மேலே இரண்டு கட்டம் வந்தது. இடது பக்கம் நீளமானது அட்ரஸ் போட. வலது பக்கம் சின்னது தேட. ஸ்கிரீனின் சட்டத்தில் இடது பக்கம் 'வீடு' என்றும் வலது பக்கம் 'விசாரிப்பு' என்றும் எழுதி ஒட்டினாள். எல்லா சிஸ்டத்துக்கும் அப்படியே செய்தாள்.

அரசாங்கப் பக்கம், பேங்க் பக்கம், கப்பல்காரர்களின் பக்கம் என்று நாங்கள் அடிக்கடி போகிற எல்லாவற்றையும் சரிதானா என்று பார்த்து புக்மார்க் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பேர் வைத்தாள். ரேஷன், லைசென்ஸ், பென்ஷன், கப்பல் புத்தகம். வீட்டுக் கட்டத்தில் ஓர் எழுத்தைப் போட்டால் அந்த புக்மார்க் மட்டும்தான் இறங்கி வரும், வேறு எதுவும் வராது. எனக்காகத்தான் தமிழில் பேர் வைத்தாள் என்று நினைக்கிறேன். என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக் கட்டத்தில் தெரியாத வார்த்தையை அடித்தால் அது தேடப் போகாது. அப்படி ஓர் இடம் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். வருகிறவர்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. லாரி டிரைவர் இசக்கி அண்ணன் ஒருநாள் சத்தம் போட்டார்.

"ஏம்மா, என் போனுல எதப் போட்டாலும் என்னத்தையாவது காட்டுது. ஒங்க கடை கம்ப்யூட்டரு இல்ல இல்லங்குது. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கு?"

"தெரியாததத் தெரியாதுங்குதுல்லாண்ணே? இந்தக் கடையிலயே பொய் சொல்லாதது அது ஒண்ணுதான்" என்றாள் மகேசு.

பலசரக்குக் கடையிலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. "ஏளா, அப்ப நான் பொய் சொல்லுதனோ?"

"ஏசிக்காரன் இன்னா வந்துட்டே இருக்கான்னு சொன்னிய. அவன் போன கோடையிலருந்து வந்துட்டே இருக்கான் அண்ணாச்சி."

இசக்கி அண்ணன் அன்று சிரித்த சிரிப்பில் லைசென்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு கட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் பெரியது. எனக்கு அது மெல்லத்தான் விளங்கியது.

ஆட்கள் எங்கள் கடையில் என்னென்னவோ விசாரிப்பார்கள். புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டால் ரேஷன் கார்டு யாருக்கு என்று ஒரு பெண் கேட்பாள். சிறுநீரில் ரத்தம் போனால் என்ன என்று பேரப்பிள்ளை எடுத்த ஒருவர் கேட்பார். வீட்டுப் போனில் தேடினால் மகன் பார்த்துவிடுவான் என்று இங்கே வருகிறவர்களும் உண்டு. அப்படித் தேடியதையெல்லாம் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்து உட்காருகிறவர் ஓர் எழுத்தை அடித்ததும், இந்தா என்று எடுத்து நீட்டும். கூறு கெட்டது, அதற்கு யார் எவர் என்று தெரியாது.

அதனால் ஒருவர் எழுந்தவுடன், அடுத்தவர் உட்காருவதற்கு முன், விசாரித்ததைத் துடைத்துவிட வேண்டும் என்று மகேசு பழக்கி வைத்திருந்தாள். விசாரிப்புக் கட்டம் காலியாகிவிடும். வீட்டுக் கட்டத்தில் உள்ள பக்கங்கள் அப்படியே இருக்கும். அவை ஊருக்குப் பொது.

"டாக்டர்ட்ட சொன்னத நர்ஸு வெளிய போயி சொல்லுவாளா? அப்படித்தான் நாமளும்" என்பாள். ஒவ்வொருவர் எழுந்ததும் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்கும். உடனே அவள் கை மவுஸுக்குப் போகும். அவளைப் பார்த்துப் பார்த்து என் கையும் போகும்.

4. மகேசு

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுது என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்ல அவளுக்கு எப்படி மனசு வந்தது என்பதையும் சொல்கிறேன்.

மகேசுக்கு ஆறாவது படிக்கும்போதிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் வராது. ஹாஸ்டலில்கூட யாருக்கும் தெரியாமல்தான் படித்து முடித்தாள். அவளுக்கு வயசு ஏற ஏற அம்மாவுக்குப் பயமும் ஏறியது. "நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சிக் குடுக்கணும். யாரு கண்ணுலயும் படக்கூடாது" என்று மாத்திரை அட்டையை அடுக்களையில் கடுகு டப்பாவுக்குள் போட்டு மேல் தட்டில் வைத்துவிடுவாள்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையிலிருந்து ராத்திரிவரை அடுக்களை நிறையப் பெண்கள். சித்தி, அத்தை, அவர்கள் மருமகள்கள். அவர்களுக்கு நடுவில் ஏறி அந்த டப்பாவை இறக்க முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை, அம்மாவுக்கும் முடியவில்லை. ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகாது, மறுநாள் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருவரும் இருந்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே போனது.

சொந்தக்காரர்கள் கிளம்பிய காலையில் குளிக்கப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவை நான்தான் உடைத்தேன்.

"வழுக்கி விழுந்துட்டா" என்று அம்மா சொன்னாள். வந்தவர்கள் எல்லாரிடமும் அப்படியே சொன்னாள். நானும் அதையே சொன்னேன். அண்ணாச்சி நம்பினார். ஊரும் நம்பியது.

கடைக்குத் திரும்பிய அந்த முதல் நாள், ஆள் இல்லாத நேரம் பார்த்து அரவிந்த்திடம் கேட்டேன்.

"புதுசா போடுததுக்கு முந்தி, மகேசு தேடுனது ஏதாச்சும் கெடந்துச்சா?"

"இல்லண்ணே. புக்மார்க் மட்டும் இருந்துச்சு, அதத் தனியா எடுத்து வச்சிருக்கேன். தேடுனது ஒண்ணுகூட இல்ல. சுத்தமா தொடச்சி வச்சிருந்தாவ."

அவள் ஏதாவது விசாரித்திருப்பாள். விசாரிக்காமல் இருந்திருக்க மாட்டாள். அதை அண்ணனான என்னிடம் கேட்டிருக்க முடியாது. அம்மாவிடமும் முடியாது. அந்தச் சின்னக் கட்டத்திடம் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டுத் துடைத்திருப்பாள்.

5. ஒரே கட்டம்

அரவிந்த் வைத்த ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டே சில நாள் ஓட்டினேன். வேகமாகத்தான் இருந்தது. வருகிறவர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

ஒருநாள் காலையில் ஒரு பெண் வந்தார். அவர் பேரும் ஊரும் இங்கே சொல்லமாட்டேன். கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருடைய அப்பா பலசரக்குக் கடைக்கு வந்தபோது அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்தார். குனிந்து என்னவோ அடித்தார், வாசித்தார், எழுந்தார்.

"முடிஞ்சிட்டாம்மா?"

"முடிஞ்சிட்டுண்ணே."

நடு வாசல் வழியாகப் பலசரக்குக் கடைக்குள் போய் நின்றார். அவர் எழுந்த நாற்காலி ஆடி நிற்பதற்குள் ஜெயபால் அதில் வந்து உட்கார்ந்துவிட்டார். பேரை மாற்றியிருக்கிறேன். லாரி ஆபீஸில் கிளார்க்காக இருப்பவர், எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். அந்தப் பெண்ணைக் கட்டப்போகிற மாப்பிள்ளையின் அண்ணன்.

"என்னல சுடல, கடை பிளேன் வேகத்துல பறக்குதாமே? ஒரு வண்டிக்குப் பெர்மிட் பாக்கணும். நீ இரு, நானே பாத்துக்கிடுதேன்."

"ஒரு நிமிசம்ண்ணே" என்று நான் துடைக்க எழுந்தேன். அதற்குள் அவர் வண்டி என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க v, a இரண்டையும் போட்டிருந்தார். கட்டத்துக்குக் கீழே வரிசை இறங்கியது. அதிலும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்ததால் அவர் ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டி, சத்தமாக வாசித்தார்.

"வலிப்பு... இருந்தா... கல்யாணம் பண்ணலாமா. வலிப்பு மாத்திரை... வீட்டுக்காரருக்குத் தெரியாம... சாப்பிடலாமா." ஒரு சிரிப்புச் சிரித்தார். "யாருல இது? இதையெல்லாம் கம்ப்யூட்டர்ட்டயா கேப்பாவ?"

பிறகு சிரிப்பு நின்றது. நாற்காலியைத் திருப்பி நடு வாசலைப் பார்த்தார். அந்தப் பக்கம் அந்தப் பெண் கையில் ஒரு சோப்பை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நாங்கள் பேசுவது அங்கே கேட்கும்.

"இப்ப இதுல இருந்து எந்திச்சிப் போனது, எங்க வீட்டுக்கு வரப்போற புள்ளல்லா?" என்றார் ஜெயபால்.

அண்ணாச்சி தராசில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணமும் பேரும் அந்த நிமிஷத்தில் என் வாயில் இருந்தது. யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். வாய் சொல்லிவிட்டது.

"அது என் தங்கச்சி தேடுனது."

"யாரு, மகேசா?"

"ஆமாண்ணே."

"அவ வழுக்கி விழுந்துல்லா..."

"வழுக்கி விழல. அவளுக்கு வலிப்பு இருந்துச்சி. சின்னதுலருந்தே உண்டு. நாங்க வெளிய சொல்லல."

ஜெயபால் என்னையே பார்த்தார். எந்த அண்ணனும் செத்துப்போன தங்கச்சியைப் பற்றி இப்படிப் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்திருப்பார். ஆனாலும் லாரி ஆபீஸ் கிளார்க் அல்லவா, ஒன்று கேட்டார். "சிஸ்டமெல்லாம் புதுசா போட்டாச்சின்னாவளே? பழசு எப்படி இதுல கெடக்கு?"

அதற்கு அரவிந்த் பின்னாலிருந்து பேசினான்.

"பழைய ஹிஸ்டரிய எடுத்து அப்படியே இதுல ஏத்திட்டேண்ணே. தொடச்சிட்டு ஏத்திருக்கணும். என் தப்புதான்."

அவனுக்குத் தெரியும், மகேசு தேடியது ஒன்றுமே மிச்சம் இல்லை என்று. என்னிடம் அவன்தானே சொன்னான்.

ஜெயபால் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "மன்னிச்சிக்கிடுடே. செத்த புள்ள கேட்டத நான் சிரிச்சிக்கிட்டு வாசிச்சிட்டேன்" என்றார். அவர் நல்ல மனிதர். அப்புறம் உட்கார்ந்து பெர்மிட்டைப் பார்த்துவிட்டுப் போனார். நான் திரும்பிப் பார்த்தபோது பலசரக்குக் கடையில் அந்தப் பெண் இல்லை. சோப்பு கல்லாமேல் இருந்தது.

அன்று சாயங்காலம் அரவிந்த் யாரிடமும் கேட்காமல் எல்லா சிஸ்டத்திலும் இரண்டு கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். எடுத்து வைத்திருந்த மகேசுவின் புக்மார்க்குகளை ஏற்றினான். புதுக் காகிதத்தில் வீடு, விசாரிப்பு என்று எழுதி ஒட்டினான். அவள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். இவன் எழுத்து ஒல்லி.

"வேகத்த மட்டும்தாண்ணே பாத்தேன்" என்றான். "இது இதுக்குன்னு எனக்குத் தோணவே இல்ல."

"எனக்கும் அவ சொல்லித்தாம்ப்பா தோணுச்சி" என்றேன்.

6. சந்தியில்

இந்தப் பேச்சு மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடிக்குப் போன அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டது. வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள்.

"நீயால சொன்ன?"

"ஆமாம்மா."

"அவ மூச்சு இருந்த வரைக்கும் மூடி மூடிக் காப்பாத்துனேன். மண்ணுக்குள்ள போன பொறவு அவளச் சந்தியில கொண்டு நிறுத்திட்டியல. அப்படி என்னல முடை ஒனக்கு?"

காரணத்தைச் சொன்னால் அம்மா ஒருவேளை ஆறியிருப்பாள். ஆனால் காரணத்தைச் சொல்வதென்றால் அந்தப் பெண் விசாரித்ததைச் சொல்ல வேண்டும். துடைத்ததைத் துடைத்தபடியே விட வேண்டும் என்றுதான் மகேசு பழக்கியிருந்தாள். வீட்டுக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு என்று அவள் வைத்ததில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். சித்தி போனில் அழுதாள். "என்ட்டகூடச் சொல்லலையே, நான் அந்த அடுக்களையிலதான கெடந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதைக் கேட்ட பிறகு அம்மா சாப்பிடுவதையும் குறைத்துவிட்டாள்.

கடையில் நான் பாட்டுக்கு வேலை பார்த்தேன். ஒருவர் எழுந்ததும் துடைப்பேன். அடுத்தவர் உட்காருவார். சொல்லிவிட்டது தப்போ என்று சில நேரம் நினைப்பேன். மகேசு இருந்தால் கேட்கலாம். இருந்தால் சொல்ல வேண்டியே வந்திருக்காது.

7. கைப்பை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று அம்மாவுக்குத் தெரியாது.

"அம்மா, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று நின்றபடியே சொன்னார். "கடையில வாசிச்சாவளே ஒரு கேள்வி, அத ஒங்க மவ கேக்கல. நான்தான் கேட்டேன். எனக்கும் அந்தச் சீக்குதான். என்னக் காப்பாத்த அண்ணன் அவுக பேரச் சொல்லிட்டாவ."

அம்மா முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பேச்சு நின்ற நாளிலிருந்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"இரு தாயி" என்றாள் அந்தப் பெண்ணிடம். "கல்யாணம் என்னாச்சி?"

"நானே அவுகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவுக சரின்னுதான் சொன்னாவ. அவுக அம்மா வேண்டாம்னுட்டாவ. முடிஞ்சிட்டு."

"எதுக்குளா சொன்ன? இவன்தான் பழியத் தூக்கி அவமேல போட்டு ஒன்னத் தப்ப வச்சிட்டான்லா? பேசாம இருந்துருக்கலாம்லா?"

"இருந்து பாத்தேம்மா. இல்லாத பொண்ணு பேரச் சொல்லி நான் போயி வாழணுமான்னு இருந்துச்சி. தாலிய நெனைக்கும்போதெல்லாம் ஒங்க மவ நெனப்புதான் வந்துச்சி."

அம்மா அழவில்லை. புடைத்த அரிசியைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். பிறகு அவள் கேட்டது நான் எதிர்பார்க்காதது.

"மாத்திரய எங்கன வச்சிருக்க?"

"ம்மா?"

"மாத்திர. வீட்டுல எங்கன வச்சிருக்கன்னு கேட்டேன்."

அந்தப் பெண் தோளில் கிடந்த கைப்பையின் ஜிப்பை இழுத்தார். எதையும் தேடவில்லை. மேலாகவே இருந்தது மாத்திரை அட்டை. எடுத்துக் காட்டினார்.

"பையிலதாம்மா. எங்க போனாலும் கூட வரும்."

அம்மா அந்த அட்டையைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மகேசுவின் அட்டையும் அதே நிறம்தான். திரும்ப அந்தப் பெண்ணின் பைக்குள் அவளே வைத்து, ஜிப்பை அவளே இழுத்து மூடினாள்.

"யாரு வந்தாலும், வீடு நெறய ஆளு நின்னாலும், எடுத்துச் சாப்பிடு ளா" என்றாள். "எத வேணாலும் மறை. இத மறைக்காத."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, வந்த புள்ளைக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டா" என்றாள். அடுக்களைக்குப் போனேன். மேல் தட்டில் கடுகு டப்பா அப்படியே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. தண்ணீர் கொதிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்ணிடமும் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "சொல்லுங்கண்ணே, பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் கடையில் என்ன பிரவுசர் இருந்தாலும் இரண்டு கட்டம் வைக்க முடியுமா என்று பாருங்கள். போகிற இடம் தெரிந்தவரை நேராக வீட்டுக்கு அனுப்புங்கள், விசாரிக்க விடாதீர்கள். விசாரிக்க வந்தவரை விசாரிக்க விடுங்கள், பின்னால் நின்று பார்க்காதீர்கள். அவர் எழுந்ததும் அடுத்தவரை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். கோபப்படுவார், பரவாயில்லை. வீட்டுக் கட்டத்தில் இருப்பதெல்லாம் எப்போதும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். விசாரிப்புக் கட்டத்தைத் துடைத்துவிடுங்கள்.

நானும் துடைக்கிறேன். துடைத்ததும் அந்தச் சின்னக் கட்டம் வெள்ளையாக, ஒன்றும் இல்லாமல் நிற்கும். மகேசு அதில் என்ன கேட்டாள், அதற்கு என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அதை ஒரு நொடி பார்ப்பேன். பிறகு அடுத்தவரை உட்காரச் சொல்வேன்.